பாக்கெட் மூடியும் சமையலறைக் கதவும்

நான் தையல்காரன். நாகல் நகரில் கடை. சாமியார்களின் அங்கி முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்சட்டை வரை தைத்துக் கொடுக்கிறவன். உனக்கெதுக்கு பிரான்சிஸ் மரவேலை என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, புது வீட்டுச் சமையலறைக்கு ப்ளைவுட் வாங்கி, நானே அறுத்து, நானே ஆணியடித்து, அடுப்பு மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு அலமாரிகளை நிறுத்தினேன். எதையோ யோசிக்கிற மாதிரி லேசாகத் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நின்றன. ஆனாலும் நின்றன.

என் மனைவி மரியசெல்வி பார்க்க வந்தாள். ஒரு சுற்று சுற்றித் திரும்பும்போது 'சரக்' என்று ஒரு சத்தம். அறுத்த பலகையின் ஓரச் சிலும்பு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு நூலை முழ நீளத்துக்கு உருவிவிட்டது.

"ஏங்க, துணி தைக்கிறவரு செஞ்ச பெட்டி, பொண்டாட்டி சேலையக் கிழிக்குது. வெளிய சொல்லிராதீங்க. கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாக."

அவள் தம்பி ரொனால்டு அந்த நேரம் பார்த்துத்தானா அங்கே இருக்க வேண்டும்? அவன் வீட்டுச் சமையலறை கடையில் சொல்லிச் செய்தது. கண்ணாடி மாதிரி மின்னும்.

"அன்னைக்கே சொன்னேன்லக்கா. ஒரு போன் போட்டா ஆளு வந்து பளபளன்னு மாட்டிட்டுப் போயிருவான். என்னோட சீரா இருக்கட்டும். மச்சான் செஞ்சதையும் வீணாக்க வேணாம். மாடியில வச்சுக் கோழி வளக்கலாம்."

செல்வி அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சாமியாரு வீடு மந்திரிக்க வர்றதுக்குள்ள ஓரமும் கதவும் ஒழுங்கா இருக்கணும். இல்லேன்னா தம்பி சொன்னதுதான்."

என் அலமாரி சமையலறைக்கா, கோழிக்கா என்பது அப்படித்தான் கேள்வியானது.

ஓரத்துக்கு எதைப் போடலாம் என்று முகமது பாரூக்கின் ஹார்டுவேர் கடைக்கு இருவரும் போனோம். முதலில் ஒரு பிளாஸ்டிக் நாடாவை எடுத்துக் காட்டினார்.

"தேக்கு மாதிரியே இருக்கும்."

"மாதிரியெல்லாம் வேணாம்ணே," என்றாள் செல்வி.

அலுமினியப் பட்டையைக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது எனக்கு. கடைசியாக அரைவட்டமாக இழைத்த தேக்கு பீடிங் வந்தது. சன்னமான சட்டம், உள்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் உருண்டை. செல்வி அதைக் கையில் வாங்கி, முந்தானையை அதன்மேல் மெதுவாக இழுத்தாள். எங்கும் மாட்டவில்லை.

"இதுதான்."

"சேல இழுத்து பீடிங் பாத்த மொத ஆளு நீங்கதாம்மா," என்றார் பாரூக்.

பீடிங் வேலையில் நான் சொதப்புவேன் என்றுதான் நானே நினைத்திருந்தேன். ஆனால் மூலைக்கு வந்ததும் கை தானாக ஓடியது. கோயில் பீடத்துணிக்கு மூலை மடிக்கும்போது சாய்வாகத்தானே மடிப்போம்? அதே சாய்வில் சட்டங்களை அறுத்தேன். பசை தடவி, தலையில்லாத சின்ன ஆணி அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அலமாரிக்கு ஒன்றாக இரண்டு கதவு, எட்டு மூலை, ஒன்றிலும் நகம் நுழையாது. பெருமை தாங்காமல் எதிர்வீட்டுப் பொன்னுத்துரை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு. மாட்டு, பாப்போம்."

மாட்டினேன். கதவு உள்ளே போகவில்லை. இந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் திருப்பினேன். அலமாரி வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தது.

அப்போதுதான் உறைத்தது. எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கென்று சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுவது என் கைக்குப் பழக்கம். பலகையையும் அப்படியே விட்டு வெட்டியிருக்கிறேன். போதாததற்குச் சுற்றிலும் பீடிங் வேறு.

பொன்னுத்துரை அண்ணன் கதவைத் தடவிப் பார்த்தார். "துணின்னா உள்ள மடிச்சு அடிச்சிரலாம். இத எங்கிட்டு மடிப்ப அப்பு?"

கதவைச் சிறிதாக்க வேண்டுமென்றால் பீடிங்கைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் அந்த எட்டு மூலையும் போய்விடும். எட்டிப் பார்க்க வந்த செல்வி திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூலையொன்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "நல்லா வந்திருந்துச்சுங்க. சரி, தம்பிக்கு நீங்களே போன் போட்டுருங்க."

போனை எடுக்கச் சட்டைப் பாக்கெட்டில் கை வைத்தேன். நானே எனக்குத் தைத்த சட்டை. பாக்கெட்டுக்கு மூடி உண்டு. மூடியைத் தூக்கினேன். விட்டேன். மறுபடி தூக்கினேன்.

"என்னங்க, போன் கெடைக்கலையா?"

"செல்வி, பாக்கெட்டுக்கு மூடி போட்டா அது பாக்கெட்டுக்குள்ளயா போகுது?"

"இப்ப எதுக்கு அது?"

"மேலதான படுக்குது! பாக்கெட்ட விடப் பெருசாத்தான இருக்குது!"

பொன்னுத்துரை அண்ணன் எனக்குக் காய்ச்சலா என்பது போலச் செல்வியைப் பார்த்தார். நான் பாரூக் கடைக்கு ஓடினேன். வாங்கிய கீல்களைக் கொடுத்துவிட்டு, கதவு வெளியே படிகிற மாதிரியான கீல்களை வாங்கி வந்தேன். கதவுகள் அலமாரியின் வாய்க்குள் போகாமல் வாய்க்கு மேலேயே படிந்தன. நான் கூடுதலாக விட்டதும், அதன்மேல் ஏறிய பீடிங்கும் சேர்ந்து, பெட்டியின் சிலும்பு பிடித்த ஓரங்களையும் மூடிவிட்டன. திட்டம் போட்டுச் செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக நிச்சயம் வந்திருக்காது.

மந்திரிப்பு அன்று சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். செல்வி கல்யாணப் பட்டில் இருந்தாள். தம்பியைச் சமையலறைக்கு அவளே இழுத்து வந்தாள்.

"ஏலே ரொனால்டு, இங்க பாரு."

பட்டு முந்தானையை எடுத்து, கதவின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை அழுத்தி இழுத்தாள். அது என்ன விலைச் சேலை என்று எனக்குத்தான் தெரியும். தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது பட்டு.

"ஒரு நூல் எந்திரிச்சிருக்கா சொல்லு? உங்க மச்சான் செஞ்சது."

ரொனால்டு மூலைகளை நகத்தால் நெருடினான். கதவைத் திறந்தான், மூடினான். பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, அக்காவுக்குக் கேட்காத குரலில், "மச்சான், எங்க வீட்டுல அடுப்புப் பக்கம் ஓரப்பட்ட லேசா உரிஞ்சிட்டு வருது. ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?" என்றான்.

அவன் அக்காவுக்கா கேட்காது?

"வருவாரு," என்றாள் செல்வி. "அளவு மட்டும் நான் எடுப்பேன்."