மேஸ்திரியின் வயிற்றுச் சடை

எங்கள் பூனைக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது மகள். நான் தைக்கும்போது வெட்டுமேஜையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தன் பங்குக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது.

அதன் வயிற்று முடி சடைபிடித்துக் கிடந்தது. மனைவியும் மகளும் என் மைத்துனர் வீட்டில் இருந்த மூன்று மாதமும் நான் அதன் மேல் சீப்பு வைக்கவில்லை. அவர்கள் போனதற்கும் நான்தான் காரணம். சட்டையில் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்ட எரிச்சலில், குறுக்கே வந்த மகளின் முதுகில் மர அளவுகோலை முறித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை. இன்று நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம்போல இருக்கிறது.

திரும்பி வந்த அன்று மனைவி வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அடிக்கக்கூட வேணாம். கை ஓங்கினாலே நாங்க கிளம்பிடுவோம். அப்புறம் அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க."

பன்னிரண்டு நாள் ஓடியது. மகள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, சீப்போடு வந்து நின்றாள்.

"அப்பா, மேஸ்திரிக்குச் சடை எடுத்துவிடுறீங்களா? அதுக்கு வலிக்குது."

புலியைக் கொண்டுவந்திருந்தாலும் சீவியிருப்பேன்.

மேஜையில் துண்டு விரித்தோம். அவள் பூனையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் சீவும்வரை மேஸ்திரி கண்ணை மூடிக் கிடந்தது. வயிற்றில் சீப்பு பட்டதும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை என் தோலைக் கிழித்தது. கழுத்தை அமுக்கினேன். கட்டைவிரல் சதையில் பல்லை இறக்கி விடாமல் தொங்கியது.

"அப்பா, மெதுவா."

"மெதுவாத்தான் பண்றேன்."

பொய். சீப்பின் பற்கள் இரண்டு ஒடிந்து சடைக்குள்ளேயே நின்றன. சனியனே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். இருபது வருஷமாகத் துணியில் நூல் பிசிறை இழுத்துப் பிடித்து அடியோடு வெட்டியே பழகிய கை. சடையையும் அப்படியே இழுத்தேன். பூனையின் தோல் தொளதொளப்பானது, சடையோடு சேர்ந்து எழும்பி வரும் என்பது தையல்காரனுக்கு எங்கே தெரிகிறது? ஒரே வெட்டு. முடியோடு தோலும் கையில் வந்தது.

மேஸ்திரி அலறியது. என் முகத்தில் பாய்ந்து கண்ணோரத்தில் நகத்தைப் பதித்தது. பிடரியைப் பிடித்துப் பிய்த்துச் சுவரில் வீசினேன். அங்கிருந்த நூல் அலமாரியில் மோதி, நூல்கண்டுகளோடு சேர்ந்து விழுந்தது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் புகுந்தது. கண்ணில் ரத்தம் இறங்க, புதிதாக வாங்கிய இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

எனக்கு முந்தி ஓடி, மெஷினுக்கு முன்னால் மகள் குந்தியிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. தலையைக் குனிந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, முதுகை எனக்குக் காட்டினாள். எந்த இடம் அடி தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஓங்கிய கோல் மேலேயே நின்றுவிட்டது. கீழே வைத்தேன். திரும்பினால் சமையலறை வாசலில் மனைவி.

"நான் அடிக்கல," என்றேன்.

"பார்த்தேன்."

"இறக்கவே இல்ல."

"ஓங்கினீங்க."

அவ்வளவுதான். அறைக்குள் போய்ப் பீரோவைத் திறந்தாள். நான் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். போகாதே என்று காலில் விழத் தோன்றியது. எந்த வாயால் கேட்பது?

மகள் மெஷினுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் சட்டையெல்லாம் ரத்தம். அதன் காதில் ரகசியமாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"கத்தாத மேஸ்திரி. கத்தினா இன்னும் கோவம் வரும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இரு, அப்பா போயிடுவாரு."

நான் வெளியே போனேன்.