தாளில் இல்லாத பத்தி

பீடிக் கூடத்தில் மற்றவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக்காட்டுபவன் பீடி சுற்றுவதில்லை. அவன் பங்கை மற்றவர்கள் சுற்றிப் போட்டுவிடுவார்கள். கண்ணூர்ப் பக்கத்தில் நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு அது. அதற்கு ஈடாக அவனிடம் அவர்கள் கேட்பது ஒன்றே: தாளில் உள்ள ஒரு சொல்லையும் விழுங்கக் கூடாது, இல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. அனந்தன் இந்த நெறியிலிருந்து ஒருநாளும் வழுவியதில்லை. இவ்வுலகில் அவனுக்கென்று மிஞ்சியிருந்த மரியாதை அது மட்டும்தான்.

அவன் ஆசைப்பட்டு வாசிக்க வந்தவனல்லன். பீடி சுற்ற முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவன் தொடைகள் முறத்தைத் தாங்கா. நெருக்கடி நிலைக் காலத்தில், சுவரொட்டி ஒட்டினான் என்று பிடித்துக்கொண்டு போன போலீஸ் முகாமில், பெஞ்சோடு சேர்த்துக் கட்டி, தொடைமேல் உலக்கையை வைத்து, ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் அழுத்தி உருட்டினார்கள். எலும்பு முறியவில்லை. தோல் கிழியவில்லை. சதை மட்டும் உள்ளுக்குள்ளேயே நைந்து செத்தது. விடுதலையானதும் கட்சிக்காரர்கள் அவனை மேடை மேடையாக ஏற்றி, வேட்டியை உயர்த்திக் காட்டச் சொன்னார்கள். கூட்டம் எட்டிப் பார்த்தது. தழும்பு ஒன்றையும் காணாமல் ஏமாந்து உட்கார்ந்தது. சில மேடைகளுக்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டான்.

இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும், கர்க்கடகத்தில், ஆடி மாதத்து மழை பிடித்தால் கால்கள் மரத்துப்போகும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் உழிச்சல் செய்தால் தேறும் என்றார் வைத்தியர். மரப்பலகையில் படுக்கவைத்து அவர் கை தொடையில் இறங்கியதும், அனந்தன் கீழே விழுந்து தவழ்ந்தே வாசலுக்கு வந்துவிட்டான். அதன்பின் மனைவி ரோகிணி எண்ணெயைச் சூடாக்கி வைத்துவிட்டு விலகிப் போவாள், அவனே தடவிக்கொள்வான். பெற்ற மகளும் அவன் மடியில் உட்கார்ந்ததில்லை. இதை எந்த மேடையில் உயர்த்திக் காட்டுவது?

மழை ஓட்டின்மேல் கொட்டிய அன்று காலை, முக்காலியில் கால்களை நீட்டிக்கொண்டு முதல் பக்கத்தை முடித்தான். தாளைத் திருப்பினான். குரல் நின்றது.

"என்ன அனந்தா, கண்ணாடியத் தொடச்சுக்கோ," என்றாள் கூடத்திலேயே மூத்தவளான கௌரி.

அவன் தலைப்பை வாசித்தான்: "முகாமில் சித்திரவதை நடக்கவில்லை. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி பேட்டி."

இலை வெட்டும் கத்தரிகள் ஓய்ந்தன.

"அத விட்டுத் தள்ளு. சினிமாப் பக்கம் வந்திருக்குமே, அதப் படி."

"விடக் கூடாது சேச்சி," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். "கைதிகளை அடித்ததாகக் கூறப்படுவது வெறும் குற்றச்சாட்டு. வேளாவேளைக்குக் கஞ்சியும் பயறும் கொடுத்தோம். அடித்திருந்தால் உடம்பில் தழும்பு இருக்க வேண்டாமா? இதுவரை ஒருவராவது காட்டியதுண்டா?"

முன்வரிசையில் பிரேமன் சிரித்தான். தெற்கேயிருந்து போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். "சரியாத்தானே கேக்கறாரு? கட்சிக்காரங்க சொல்ற கதைக்குக் கொம்பும் இருக்கும், வாலும் இருக்கும்."

"வாய மூடுடா, தடியா!"

"என்னை ஏன் திட்டறீங்க சேச்சி? அனந்தேட்டன் வாயில பொய்யே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவரே வாசிச்சாச்சே!"

அனந்தன் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையை, அந்த அதிகாரி ஒரே பத்தியில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுந்து நின்று உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொந்தக் குரலெல்லாம் அந்த மேடைகளிலேயே தீர்ந்துபோயிருந்தது. எஞ்சியிருந்தது பத்திரிகைக் குரல் ஒன்றே.

தாளைத் திருப்பினான். அதே குரலில், ஏற்ற இறக்கமின்றி, வாசித்தான்:

"அதிகாரிக்கு மறுப்பு. அம்முகாமில் இருந்த அனந்தன் என்ற தொழிலாளி கூறியதாவது: உலக்கை தழும்பு போடாது. அதற்காகத்தான் அவர்கள் உலக்கையை எடுத்தார்கள். இன்றுவரை என்னால் குந்தி உட்கார முடியாது. சிறுநீர் கழிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். என் மகள் சிறு குழந்தையாக இருந்தபோது, ஓடிவந்து மடியில் ஏறினாள். உலக்கைதான் ஏறுகிறது என்று எண்ணிப் பிடித்துத் தள்ளிவிட்டேன். வாசற்படியில் மோதி அவள் நெற்றி பிளந்தது. அந்தத் தழும்பு இருக்கிறது. அதிகாரி வந்தால் அதைக் காட்டலாம்."



அனந்தன் தாளை மடியிலிருந்து விலக்கி நீட்டினான். "இனிமே வேற யாராவது வாசிங்க. தாள்ல இல்லாதத சேத்துட்டேன்." முக்காலியை விட்டு இறங்கினால் முறத்துக்குத்தான் போக வேண்டும், முறத்தைத் தாங்கும் மடி அவனுக்கு இல்லை. அது தெரிந்தேதான் நீட்டினான்.

யாரும் வாங்கவில்லை. பிரேமன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். பக்கம் முழுக்க ஒரு நடிகை குடை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்து ஓர் இலையை எடுத்தான்.

"பக்கத்துல பாதிதானே ஆச்சு. மீதிய வாசிங்க ஏட்டா."

"மீதி சினிமா விளம்பரம்டா."

"இருக்கட்டும். ஒரு வார்த்தையும் முழுங்கக் கூடாதில்ல?"

"நான்தான் அப்பவே அதப் படின்னேன்," என்றாள் கௌரி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

அனந்தனின் கால்கள் மரத்துக் கிடந்தன. தாளை மீண்டும் விரித்துப் பிடித்து, எந்தக் கொட்டகை, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று வாசிக்கத் தொடங்கினான். ஒவ்வொன்றாகக் கத்தரிகள் ஓசையெழுப்பின.