வால்தெசார்சாவின் வடக்குச் சுவர்

பதினோரு ஊர்களுக்கு நான் ஒருவனே சாமியார். ஊர் என்று சொல்வதெல்லாம் பழக்கத்தில்தான். குளிர்காலத்தில் புகைபோக்கியிலிருந்து புகை வருகிற வீடு சில ஊர்களில் மூன்றோ நான்கோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊரில் பூசை முடித்து, உடையைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறி அடுத்த ஊர், பிறகு அதற்கடுத்தது. எல்லா ஊரிலும் ஒரே பிரசங்கம். மூன்றாவது ஊருக்குள் அது எனக்கே அலுத்துவிடும். ஓய்வு கேட்டு ஆயரிடம் போனேன். "உங்க இடத்துக்கு யாரை அனுப்பட்டும், லியாந்த்ரோ?" என்று என்னையே கேட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர்தான்.

இந்தப் பதினொன்றில் என்னை அதிகம் படுத்தியது வால்தெசார்சாவின் கோயில். சரிவில் நிற்கிற சின்னக் கோயில் அது. பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைகிற பகுதி எண்ணூறு வருடம் பழையது. அதன் வெளிப்புறம், கூரையை ஒட்டி, கல்லில் செதுக்கிய தலைகள் வரிசையாக இருக்கும். ஒரு ஆடு, ஒரு பல்வலிக்காரன், இரண்டு கையாலும் வாயை இழுத்துப் பிடித்து அழகு காட்டுகிற ஒருத்தி. மக்கள் உட்காருகிற நடுப்பகுதியின் சுவர்களும் அதே காலத்தவைதான். ஆனால் அவற்றின் மேல் முதலில் இருந்தது மரக்கூரை. ஆட்டு ரோமத்தால் இந்தப் பக்கம் செழிப்பாக இருந்த காலத்தில் இங்கிருந்த சாமியார் ஒருவர், பக்கத்து ஊரில் போட்டதைப் பார்த்துவிட்டு, மரத்தைப் பிரித்துப் போட்டுக் கல்லால் வளைவுக் கூரை கட்டவைத்தார்.

கல் வளைவு தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு நிற்காது, சுவரை வெளியேயும் தள்ளும். அதற்காகத் தெற்குப் பக்கம் தடித்த முட்டுச்சுவர்கள் எழுப்பினார்கள். வாசல், மண்டபம், ஊர்க்கூட்டம் எல்லாம் தெற்கில்தான். வடக்கில் மேட்டு நிழலும் செந்தட்டிப் புதரும் ஈரமும்தான். அங்கே ஒன்றும் கட்டவில்லை. யாரும் பார்க்காத பக்கம்தானே என்று சிக்கனம் பிடித்துவிட்டார்கள் என்பது எங்கள் எல்லோருடைய நினைப்பும். இருநூற்றைம்பது வருடமாக அந்த வடக்குச் சுவர் மெல்ல மெல்ல வயிறு தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

மாகாண அலுவலகம் அனுப்பிய கட்டடக்கலைஞர் இட்சியார், வேகமாகப் பேசுகிற பெண். வசந்தத்தில் வந்து, சுவர் அசைந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று விரிசல்களின் மேல் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். செப்டம்பரில் வந்து பார்த்தபோது ஒன்றுகூட முழுசாக இல்லை.

"சாமி, சுவர் இன்னும் நகர்ந்துக்கிட்டுதான் இருக்கு. பனி விழறதுக்குள்ள வடக்குல ரெண்டு முட்டு கொடுத்தாகணும். இல்லன்னா கோயிலப் பூட்டிடுங்க, யார் தலையிலயாவது விழறதுக்கு முன்னாடி."

பூட்டிவிட்டால் பத்துதான் மிச்சம், ஒரு பூசை குறையும் என்று எனக்குள் ஓடியது. அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால், நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது.

அக்டோபரில் கொத்தனார்கள் மண் தோண்டும் வண்டியோடு வந்தார்கள். தோண்ட வேண்டிய இடத்தில் ஒரு பழைய டிராக்டர் நின்றிருந்தது. அதன் மேல் ஒனொராத்தோ, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய எடுங்க, பெரியவரே," என்றிருக்கிறார் மேஸ்திரி.

"முடியாதுப்பா. பேட்டரி செத்துப்போச்சு."

"இப்பதானே ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

"வந்ததுலதான் செத்துப்போச்சு. வயசாயிடுச்சுல்ல, என்னை மாதிரி."

மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். வேறொரு ஊரில் ஒரு அடக்கத்தை முடித்துவிட்டு, முழங்கால் வலியோடு வந்து சேர்ந்தேன்.

ஒனொராத்தோ ஆடு மேய்த்துப் பிழைத்தவர், எண்பதைத் தொடுகிற வயது. கோயிலுக்குள் கால் வைக்காதவர். அவர் மனைவி காசில்தாவோ ஒரு பூசையைத் தவறவிட்டதில்லை. அவரே அவளை டிராக்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். பிறகு வடக்குப் பக்கம் போய், பூசை முடிகிறவரை நிழலில் நிற்பார். தெற்கே அவ்வளவு வெயில் இருக்க இவர் ஏன் அங்கே போய் நடுங்குகிறார் என்று யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை. எனக்கு எப்போதும் அடுத்த ஊருக்கு நேரமாகிவிடும்.

என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "என்ன சாமி, மூஞ்சியப் பாத்தா செத்தவன நீங்க பொதைச்ச மாதிரி தெரியலியே, அவன் உங்களப் பொதைச்ச மாதிரில்ல இருக்கு. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

டிராக்டரின் மிதிபடியில் உட்காரச் சொன்னார். ரொட்டியும் சோரிசோ இறைச்சியும் மடிக்கத்தியால் வெட்டிக் கொடுத்தார். தோல்பையிலிருந்து வைன் ஊற்றிக் குடித்தோம். கொத்தனார்கள் சலித்துப்போய் மண்டபத்துப் பக்கம் புகைக்கப் போனார்கள்.

"இங்க தோண்டக்கூடாது சாமி," என்றார், கொஞ்ச நேரம் கழித்து. "என் பொண்ணு இருக்கா."

அவருக்கு இரண்டு பையன்கள் உண்டு, பில்பாவோ நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள். பெண் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

"மொதப் பிரசவம். ஜன்னல் வரைக்கும் பனி. பொறந்தப்பவே மூச்சு இல்ல. ஞானஸ்நானம் வாங்காத புள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாதுன்னுட்டார் அப்ப இருந்த சாமியார். என் மாமியார்தான் சொன்னா, கோயில் சுவரை ஒட்டி வெச்சிடுடா, கூரைத் தண்ணி மேல சொட்டும், கோயில் தண்ணிதானே, அதுவும் ஞானஸ்நானம்தான்னு. சோப்பு வர்ற மரப்பெட்டியில வெச்சுக் கொண்டாந்தேன். தரை கல்லு மாதிரி இறுகிக் கெடந்தது. நெருப்பு மூட்டித்தான் தோண்டினேன்."

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம நடுவுல ஒரு எடம் இருக்கு, உன் பொண்ணு அங்கதான் போவாள்னார் அந்தச் சாமியார். சரின்னு இருந்தேன். கொஞ்ச வருஷம் முன்ன ரேடியோவுல கேட்டேன், அப்படி ஒரு எடம் இருக்குன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு ரோம்ல சொல்லிட்டாங்களாமே. அப்ப என் பொண்ணு இத்தன வருஷமா எங்க இருந்தா?"

"தெரியல."

"படிச்சவர்தானே நீங்க."

"படிச்சேன். தெரியல, ஒனொராத்தோ."

அவர் தலையாட்டினார். என் பதில் அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை. தோல்பையை மறுபடி நீட்டினார்.

"காசில்தாவுக்குத் தெரியுமா?"

"பொதைச்சது தெரியும். எடம் தெரியாது. அப்ப அவ பித்துப் பிடிச்ச மாதிரி இருந்தா. சொன்னா வெறுங்கையால தோண்டியிருப்பா. கேட்டுக்கிட்டே இருந்தா, நான் வாயே தொறக்கல. அப்புறம் கேக்கறத விட்டுட்டா. அவ கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

இட்சியாருக்குப் போன் செய்தேன். மதியத்துக்குள் வந்துவிட்டாள். அவர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டவள், விரிசலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு அடி தள்ளிக்கலாம், ஐயா. அதுக்கு மேல தள்ளினா நான் கட்டற முட்டு காத்தத்தான் தாங்கும், சுவரத் தாங்காது. முதல்ல என் சிநேகிதிய வரச்சொல்றேன், தொல்லியல் படிச்சவ. சின்னக் கரண்டியும் தூரிகையும் வெச்சு அவ பதமா எடுப்பா. இந்த வண்டி கிட்டயே வராது. சத்தியமா."

"அவகிட்ட யார் சொல்றது?" என்றார் ஒனொராத்தோ. அவர் சொன்ன 'அவ' காசில்தா.

"நீங்கதான்," என்றேன்.

"நீங்க சொன்னா அவ கேப்பா. உங்களத்தான் கும்புடறா."

"புருஷன் நீங்களா நானா?"

இரண்டு கிழவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே காசில்தா கோயில் மூலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் துணி மூடிய பாத்திரம்.

"ஏன்யா, டிராக்டரக் கொண்டாந்து இங்க நட்டு வெச்சிருக்கியாமே? ஊரே சிரிக்குது. ஊர்ல இருக்கறதே ஒம்பது பேரு, அதுல எட்டுப் பேரு..."

அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். பிறகு தரையைப் பார்த்தாள். பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இங்கயா?"

அவர் தலையசைத்தார்.

"எந்த எடம்?"

டிராக்டரிலிருந்து இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. காலால் காட்டப் போனவர், காலை இழுத்துக்கொண்டு கைத்தடியால் காட்டினார். சுவரிலிருந்து ஒரு கை நீளம், கூரைத் தண்ணீர் விழுந்து மண்ணில் பள்ளம் விழுந்திருந்த கோட்டுக்கு நேர் கீழே.

காசில்தா அந்தக் கோட்டின் ஓரமாகப் போய் நின்றாள். "நான் இத்தன வருஷமும் தெக்குப் பக்கம்ல உக்காந்திருந்தேன்," என்றாள். "கணப்பு பக்கத்துல. கதகதப்பா இருக்குன்னு."

அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டாள். பலமாக இல்லை. இரண்டாவது அடி பலமாகவே விழுந்தது. அவர் தடுக்கவில்லை.

"வண்டிய எடு."

"பேட்டரி..."

"பேட்டரியாம் பேட்டரி. எடுய்யா."

இட்சியாரின் சிநேகிதி வந்து மண்ணை ஏடு ஏடாக எடுத்தாள். முதலில் கிடைத்தது ஒனொராத்தோவின் சோப்புப் பெட்டி இல்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு கூரை ஓடு. அதன் கீழே கருத்த மண், கோழிக்குஞ்சின் எலும்பு போல நாலைந்து துணுக்குகள். பக்கத்தில் இன்னொரு ஓடு. சற்றுக் கீழே மற்றொன்று, அதைவிடப் பழைய வகை ஓடு. சுவரின் நீளத்துக்கும் அப்படியே போயிற்று, எல்லாம் கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டில். சில ஓடுகள் முந்நூறு, நானூறு வருடம் இருக்கும் என்றாள் அந்தப் பெண். கடைசியில், ஒனொராத்தோ கைத்தடியால் காட்டிய இடத்தில், துருப்பிடித்த ஆணிகள் ஒரு சின்னச் செவ்வகமாகக் கிடந்தன. பலகை மக்கிப்போயிருந்தது.

"நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்," என்றார் ஒனொராத்தோ. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்னொன்றும் தெரிந்தது. ஓடுகளுக்கு நடுவே பழைய குழி ஒன்று இருந்தது. அதன் அடியில் நன்றாகச் செதுக்கிய இரண்டு பெரிய கற்கள், மேலே மூடிய மண். இட்சியார் குழிக்குள் இறங்கி அளந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி, முட்டுச்சுவருக்கு அஸ்திவாரம் போட்டிருக்காங்க. வளைவுக் கூரை கட்டின அதே ஆளுங்கதான், அதே உளி வேலை. ஆரம்பிச்சிட்டு நிறுத்தியிருக்காங்க. நான் சிக்கனம்னு நெனச்சேன்."

ஏன் நிறுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மண்வெட்டியில் ஒரு ஓடு தட்டியிருக்கலாம். யாரோ ஒருத்தி மேட்டிலிருந்து ஓடிவந்து கத்தியிருக்கலாம். காசில்தா அந்தக் குழியைப் பார்த்தபடி, "நல்லவங்க," என்று மட்டும் சொன்னாள். கட்டாமல் விட்ட அந்த நல்லவர்களால்தான் சுவர் விழப் பார்க்கிறது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

புது அஸ்திவாரக் குழிக்குள் அகப்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தோம். மற்றவர்கள் மேல் மண்ணை மூடிவிட்டோம். எடுத்தவர்களை என்ன செய்வது என்று மறைமாவட்ட அலுவலகத்தைக் கேட்டேன். ஆலோசித்துச் சொல்கிறோம், காத்திருங்கள் என்றார்கள். அவர்கள் ஆலோசிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் காத்திருக்கவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை, அலுப்புதான்.

"உள்ள வைங்க," என்றாள் காசில்தா. "ஞானஸ்நானத் தொட்டிகிட்ட."

"எதுக்கு உள்ள?" என்றார் ஒனொராத்தோ. "அன்னிக்கு விட்டானுங்களா? இப்ப மட்டும் எதுக்கு?"

"அன்னிக்கு நீ முடிவு பண்ணே. என்னைக் கேட்டியா? இன்னிக்கு நான் முடிவு பண்றேன்."

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முட்டுச்சுவர்கள் மார்பளவு எழும்பியிருந்த ஒரு நவம்பர் சனிக்கிழமை, மேஸ்திரி தரைக்கல் இரண்டைப் பெயர்த்துக் கொடுத்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெட்டி, பக்கத்து ஊர் தச்சர் செய்த வாதுமை மரப் பெட்டி. அதை வேறு யாரும் தொட ஒனொராத்தோ விடவில்லை. வாசற்படியில் ஒரு நிமிடம் தயங்கினார். தொப்பியைக் கழற்ற வேண்டும், கையிலோ பெட்டி. காசில்தா அதை அவர் தலையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்தார். மேலே வளைவுக் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டு நேராக வெளியே போய்விட்டார்.

பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நான் காசில்தாவைப் பார்த்தேன்.

"பெனில்தே," என்றாள். "எங்கம்மா பேரு. அவரு வேற ஏதோ வெச்சிருப்பாரு. கேக்காதீங்க."

மற்றவர்களுக்குப் பெயர் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்தே சொன்னேன். முடிந்ததும் மண்டபத்திலிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுதா? குளிருது."

"வர்றேன்யா. ஓடிப்போயிடாத."

இருவரும் சரிவில் இறங்கிப் போனார்கள். பாதி வழியில் அவள் ஏதோ கேட்க, அவர் நின்று கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கொத்தனார்கள் கருவிகளைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு இன்னும் இரண்டு ஊரில் சாயங்காலப் பூசை பாக்கி இருந்தது. ஆனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டேன். ஒரு கோயிலுக்குள் யாரும் எனக்காகக் காத்திருக்காமல் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டே கண் அயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

அடுத்த ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் ஐந்து பெண்கள் காத்திருந்தார்கள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருத்தி கேட்டாள்:

"எங்க போய்த் தூங்கிட்டு வர்றீங்க, சாமி?"

"வால்தெசார்சாவுல," என்றேன்.