பெரியவர் பெயரிட்ட புழு

பெரியவர் அவள் அறைக்குள் நுழைந்து, கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் அறைக்கும் போகிறவரில்லை. ஆளைத்தான் கூப்பிட்டனுப்புவார்.

அவளுடைய வேலை கடல் புழுக்களை இனம் பிரிப்பது. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக முள்மயிர் வைத்த புழுக்கள். மயிரின் நுனி வளைந்திருக்கிறதா, பிளந்திருக்கிறதா என்பதில் இனமே மாறிவிடும். பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் கழிமுகத்தில் வலைபோட்டு ஒரு விசித்திரப் புழுவைப் பிடித்தாள். பிதுங்கிய கண்கள், பின்பாதி முழுக்கத் துடுப்பு போன்ற மயிர். எந்த நூலிலும் அது இல்லை. நிறைமாத வயிறு மேசையில் இடிக்க, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்து முடித்து, பெரியவரிடம் காட்டிவிட்டு விடுப்பில் போனாள்.

குழந்தை பிறந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது அது பெரியவரின் புதிய இனமாக அச்சேறியிருந்தது. நன்றி சொல்கிற இடத்தில்கூட அவள் பெயர் இல்லை. போதாக்குறைக்கு, புழுவுக்குத் தன் மாமனார் பெயரை வைத்துக் காக்கா பிடித்திருந்தார் மனுஷர்.

"ஒரு புழுவுக்குப் போயி... விட்டுத் தொலையேன்" என்றான் கணவன். சில நாள் அவனோடும் பேச்சில்லை. அவள் மறக்கிற ரகமில்லை.

பெரியவருக்குத் தெரியாத நாலு விஷயத்தை எழுதி மூக்கறுக்கலாமென்று, கழிமுகத்துச் சேற்றை அள்ளிவந்து தொட்டியில் வைத்தாள். கிடைத்ததெல்லாம் தூண்டிலில் கோக்கிற சாதாரணப் புழு. சலித்துப்போய்த்தான் வளர்த்தாள். பருவம் வந்தது. ஒரு காலையில் வந்து பார்த்தால், சேற்றில் சோம்பிக் கிடந்த அதே புழுக்களுக்குக் கண் பிதுங்கியிருந்தது, மயிர் துடுப்பாகியிருந்தது, தொட்டி முழுக்க நீந்திக்கொண்டிருந்தன. புதிய இனமாவது மண்ணாவது! பழைய புழுதான், இணைசேரக் கிளம்பும்போது போட்டுக்கொள்கிற வேஷம்.

ஒரு நிமிடம் அவளுக்கே அவமானமாக இருந்தது. முதலில் ஏமாந்தவள் அவள்தானே. பிறகு சிரிப்பு வந்தது. திருடினவர் தப்பையும் சேர்த்தல்லவா திருடியிருக்கிறார்!

இந்தத் தொழிலில் தப்பான பெயரை யாரும் அழிப்பதில்லை. சரியான பெயருக்குக் கீழே, வைத்தவர் பெயரோடு, அது காலகாலத்துக்கும் நிற்கும். அவள் கட்டுரையை எழுதி அனுப்பினாள். அது அச்சுக்குப் போனதும், மரியாதைக்கு ஒரு நகலைப் பெரியவருக்கும் அனுப்பினாள்.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர்.

"நீங்க சொல்லிட்டா சார் செஞ்சீங்க?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "யோசிச்சுப் பார்த்தா, அந்தப் புழுவ மொதல்ல கண்டுபிடிச்சது நீதான். உன் பேர விட்டது என் தப்பு. திருத்தம் போடச் சொல்றேன். ரெண்டு பேர் பேரும் சேர்ந்தே இருக்கட்டும்."

இந்த வார்த்தைக்காகக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதிருக்கிறாள். இன்று அறை தேடி வந்து கொடுக்கிறார், பாதிப் பழியோடு.

"ஐயோ, வேண்டாம் சார்" என்றாள், குரலில் அத்தனை பணிவு. "எல்லாம் நீங்க ஒருத்தரே செஞ்சதுன்னு அச்சுல இருக்கே. அதுல போயி நான் பங்கு கேக்கலாமா?"

"நாளைக்கு என் பேரச் சொன்னாலே சிரிப்பாங்கம்மா."

"நாளைக்கு மட்டுமா சார்? இந்தப் புழுவப் பத்தி யாராவது எழுதிக்கிட்டிருக்கிற வரைக்கும்."