மூன்றாம் பத்தி மறுக்கப்படுகிறது

கண்ணாடிக் கடைக்காரர் ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர். ஆனால் தன்னுடைய படிக்கும் கண்ணாடியை மட்டும் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். போட்டால் கிழவன் மாதிரி தெரிகிறதாம். எந்தக் காகிதம் வந்தாலும் கை போகிற தூரத்துக்கு நீட்டிப் பிடிப்பார், புருவத்தைச் சுருக்குவார், எல்லாம் புரிந்துவிட்ட தோரணையில் தலையை ஆட்டிக் கையெழுத்தைப் போட்டுவிடுவார். இந்த வீண் ஜம்பம் மட்டும் இல்லையென்றால் நமக்குச் சொல்லக் கதையே இல்லை.

தினமும் காலையில் அவர் செருப்பை மாட்டும்போது, உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"கண்ணாடி எடுத்துக்கிட்டியாடா?"

"ஆச்சும்மா."

பொய் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு வீட்டுத் தரகர் புகுந்தார். மனிதர் கண்ணாடி வாங்கத்தான் கடைக்கு வந்தார். எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டே, "வீட்டை விக்கிற எண்ணம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "வித்தா என்ன தேறும்?" என்று இவரும் சும்மா வாயைக் கொடுத்தார். தரகர் வாய் சும்மா இருக்குமா? அது நாலு தெரு சுற்றித் தங்கையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது முன்பணமே கைமாறிவிட்டதாகக் கதை வளர்ந்திருந்தது. அவள் பதறிக்கொண்டு வந்து கேட்டாள். "இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. "என்னையே கேள்வி கேக்கற அளவுக்குப் பெரிய மனுஷி ஆயிட்டியா?" என்று எகிறினார். வந்த வேகத்திலேயே திரும்பியவள் கோர்ட்டில் போய்ப் பிராது கொடுத்தாள். அண்ணன் முதல் பிரதிவாதி. வீட்டில் அம்மாவுக்கும் பங்கு இருக்கிறதல்லவா, அதனால் அவள் இரண்டாம் பிரதிவாதி.

அது அப்பா விட்டுப்போன வீடு. இவர் அதை விற்பதாவது! அப்பா அடித்த வர்ணம் உரிந்து தொங்கியும் மாற்றி அடிக்க மனசு வராத ஆள் அவர். அதனால்தான் கோபம் தலைக்கேறியது. பாதி வீட்டைப் பிடுங்கி என்னைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். பிராதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. வழக்குப் போட்டவள் வேறு என்ன கேட்டுவிடப் போகிறாள்?

போய்ச் சேர்ந்த இடமும் சரியான இடம். அந்த வக்கீலுக்குக் கோர்ட்டு வட்டாரத்தில் 'இல்லை வக்கீல்' என்று பேர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, சுவர் தெரியாமல் வழக்குக் கட்டுகள், உட்கார ஒரே நாற்காலி, அதிலும் ஒரு கட்டு உட்கார்ந்திருந்தது. வக்கீல் பிராதை வாங்கினார். முதல் பக்கத்தில் பேர், கடைசிப் பத்தியில் எண். அவ்வளவுதான் பார்த்தார்.

"மொத்தம் பன்னிரண்டு பத்தி. எல்லாத்தையும் மறுத்துடலாம்."

"எல்லாத்தையுமா சார்?"

"நீங்க ஒத்துக்கிட்டதை எதிராளி நிரூபிக்கவே வேண்டாம். மறுத்ததைத்தான் அவன் நிரூபிக்கணும். சூரியன் கிழக்கே உதிக்குதுன்னு எழுதியிருந்தாலும் மறுத்துடணும். அவன் போய்க் கூட்டிட்டு வரட்டும் சூரியனை."

கடைக்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. வக்கீல் என்றால் இவரல்லவா வக்கீல்! "ஒரு வரிகூட விடாதீங்க சார்" என்று தன் பங்குக்கும் எடுத்துக்கொடுத்தார்.

இரண்டு நாளில் பதிலுரை தயார். ஒன்றாம் பத்தியில் கண்டது முற்றிலும் பொய், கற்பனை, உள்நோக்கம் கொண்டது, ஆகவே மறுக்கப்படுகிறது. இரண்டாம் பத்தியில் கண்டது முற்றிலும் பொய், கற்பனை, உள்நோக்கம் கொண்டது. இப்படியே பன்னிரண்டு வரை. அடியில், 'மேலே கண்டவற்றை நானே படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை' என்று சத்தியம். கடைக்காரர் கையை நீட்டிப் பிடித்தார், புருவத்தைச் சுருக்கினார், தலையை ஆட்டினார், போட்டுவிட்டார்.

சாட்சி விசாரணை தொடங்குமுன், இந்த வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள் என்னென்ன என்று நீதிபதி பிரித்து எழுதுகிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு அம்மாவும் வந்து பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி ஒரு கையில் பிராதையும் மறு கையில் பதிலுரையையும் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"மூணாம் பத்தி. காலமானவருக்கு வாரிசு மூணு பேர். மனைவி இரண்டாம் பிரதிவாதி, மகள் வாதி, மகன் முதல் பிரதிவாதி. இதுக்கு முதல் பிரதிவாதி சொல்ற பதில்..." பக்கத்தைப் புரட்டினார். "முற்றிலும் பொய். கற்பனை. உள்நோக்கம் கொண்டது." கண்ணை உயர்த்தி வக்கீலைப் பார்த்தார். "உங்க கட்சிக்காரர் அவங்க அப்பாவுக்கே பிள்ளை இல்லைங்கறாரா?"

இல்லை வக்கீல் வாழ்க்கையில் முதல்முறையாக இல்லை என்று சொல்லவில்லை.

"சரி, அப்ப முதல் கேள்வி இதுதான். முதல் பிரதிவாதி காலமானவருக்கு மகனா, இல்லையா?" நீதிபதி எழுதிக்கொண்டார்.

தங்கையின் வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, மகன் இல்லைன்னு அவரே சத்தியம் பண்ணியிருக்கார். அப்ப அந்த வீட்டுல எந்த உரிமையில குடியிருக்கார்? அவரைக் காலி பண்ணச் சொல்லியும் கேக்கப் போறோம். பிராதைத் திருத்த அவகாசம் வேணும்."

கோர்ட்டு சிரித்தது. பியூன்கூடச் சிரித்தார். கடைக்காரர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"இரண்டாம் பிரதிவாதி, உங்க பதிலுரை இன்னும் வரலையேம்மா?" என்றார் நீதிபதி.

அம்மா எழுந்து நின்றாள். "யோசிச்சுச் சொல்றேங்க ஐயா. இவ்வளவு விஷயம் இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவளுக்கு வாய்தா கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்கத் தொடங்கினாள். கடைக்காரர் பதறிப்போனார்.

"எங்கம்மா கிளம்பற?"

"பொண்ணு வீட்டுக்கு. புருஷன் போனவ நான். வேத்து ஆம்பளை இருக்கிற வீட்டுல தங்கினா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அம்மா! அது வக்கீல் எழுதினது!"

"நானே படிச்சேன், எல்லாம் உண்மைன்னு போட்டிருக்கே. கையெழுத்து யாரோடது? என் மானத்தை நடுக்கோர்ட்டுல சத்தமாப் படிக்க வெச்சியே, பாவி!" கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. வாசலில் தங்கை வண்டியோடு நின்றாள். அண்ணனைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மனைவி தன் பங்குக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "என்னங்க, இன்னார் பிள்ளைன்னு விசாரிச்சுத்தானே எங்க வீட்டுல பொண்ணு கொடுத்தாங்க? அப்ப நான் கட்டிக்கிட்டது யாரை?"

மறுநாள் காலையில் செருப்பை மாட்டினார். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், அலமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் பிராதை விரித்தார்.

எட்டாம் பத்தியில் தங்கை எழுதியிருந்தாள்: அண்ணன் இதுநாள்வரை தாயாரைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துவருகிறார். அதையும் முற்றிலும் பொய் என்று இவர் சத்தியம் செய்திருந்தார். பன்னிரண்டாம் பத்தி: தாயார் இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது, அண்ணன் குடும்பத்தோடு அங்கேயே இருக்கட்டும், வாதிக்கு வேறு எதுவும் வேண்டாம். அதற்கும் இவர் பதில், உள்நோக்கம் கொண்டது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் அதற்கு வக்கீலுக்குக் கூலியும் கொடுத்திருக்கிறார்.

நேரே வக்கீலிடம் ஓடினார். அவர் அசரவில்லை. "திருத்த மனு போட்டுடலாம். கைத்தவறுதலா விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"கைத்தவறுதலா?" என்றார் நீதிபதி, மனு வந்த அன்று. "பன்னிரண்டு பத்தியிலயுமா?"

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் எழுந்துவிட்டார். "கைத்தவறுதல் இல்லைங்க ஐயா. படிக்காமப் போட்டேன். கண்ணாடி கொண்டுபோகலை."

"கண்ணாடிக் கடை வெச்சிருக்கறதா ஒண்ணாம் பத்தியில இருக்கே?"

"ஆமாங்க ஐயா."

"அதையும் மறுத்திருக்கீங்க."

மறுபடியும் சிரிப்பு. கடைக்காரர் தலைகுனிந்து நின்றார். "எல்லாத்தையும் ஒத்துக்கறேங்க. வீட்டை விக்கற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. நான் எங்க அப்பா பிள்ளைதான். இவ என் தங்கச்சிதான்." வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார். ஒத்துக்கொள்கிற கட்சிக்காரரை அவர் பார்த்ததே கிடையாது.

வக்கீலம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆட்சேபம் இல்லை. நீதிபதி திருத்தத்தை அனுமதித்து, இரண்டாம் பிரதிவாதியின் பதிலுரைக்கு அடுத்த மாதம் என்று தேதி சொன்னார். அந்தக் கடைசி வரி கடைக்காரர் காதில் ஏறவே இல்லை. இன்னார் மகன் என்று கோர்ட்டே சொன்ன பிறகு காலாவது தரையில் பாவுகிறதாவது.

நேரே தங்கை வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். அம்மா கதவைத் திறந்தாள்.

"அம்மா, எல்லாம் சரியாயிடுச்சு. நான் அப்பா பிள்ளைன்னு பதிவாயிடுச்சு. கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்."

அம்மா அவர் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கில் கண்ணாடி இருந்தது. அவள் கை தானாக உயர்ந்து, சாய்ந்திருந்த காம்பைக் காதில் சரியாக ஏற்றிவிட்டது.

"தங்கச்சி ஒத்துக்கிட்டா, கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. ரொம்ப சந்தோஷம்பா," என்றாள். "நான் இன்னும் என் பதிலைப் போடலை. அடுத்த மாசம்தான் வாய்தா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.