அடுத்த வருஷத்துத் தாளைப் பார்த்துச் சொன்ன நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு, தினசரி காலண்டர் தாளின் அடியில் வருகிற பொன்மொழிகளை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து வரி. (சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதும் என் சரக்காக இருக்கலாம்.)

அதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டுகிறவன் முனியராஜ். கார்த்திகையில் ஒருநாள் டீ குடிக்கும்போது, "அண்ணாச்சி, எங்க வீட்ல ஒரு கூத்து நடந்துபோச்சு, கேளுங்க" என்று ஆரம்பித்தான். கேட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த கையோடு, இதைப் பொங்கல் மலருக்குக் கதையாக எழுதிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அந்த மலரையும் அதே அச்சகத்தில்தான் அடிக்கிறார்கள். ஆக, கதையை அடிக்கப்போகிறவனும் முனியராஜ்தான். அதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் பெயரையாவது மாற்றியிருப்பேன்.

2

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன்.

"முப்பது வயது என்பது வாழ்க்கையின் நடுப்பகலுக்குச் சற்று முந்தைய..." வேண்டாம். காலண்டர் வாடை அடிக்கிறது.

"கந்தக பூமியின் கொளுத்தும் வெயிலில் அவள்..." இதுவும் வேண்டாம். சிவகாசி என்றால் வெயிலையும் கந்தகத்தையும் எழுதியே தீர வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? அன்றைக்கு மழை ஐயா, மழை.

மூன்றாவது: "பாண்டிலட்சுமி கண்ணாடி முன்னால் நின்று ஒரு முடியைப் பிடுங்கினாள்." இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

"மாமா, இங்கன வா. இது நரையா, சுண்ணாம்பா?" (முந்தின வாரம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள்.)

முனியராஜ் முடியை வாங்கி லைட்டில் பிடித்துப் பார்த்தான். "நரைதான் புள்ள. முப்பது ஆச்சுல்லா, வராம என்ன செய்யும்?"

"யாருக்கு முப்பது? தை பத்து வரைக்கும் எனக்கு இருவத்தொம்பதுதான். இன்னும் ரெண்டு மாசம் முழுசாக் கெடக்கு. நீ வேணா அடுத்த வருஷத்துல போய் குடியிரு."

அவள் சொன்னது கேலிதான், ஆனால் நூற்றுக்கு நூறு உண்மை. முனியராஜ் அவளைவிட இருபது நாள்தான் மூத்தவன். அவனுக்கும் முப்பது ஆகவில்லை. ஆனால் காலண்டர் அச்சகத்தில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷ ஆல்பம் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் அங்கே வேலை பார்க்கிறவனுக்கு நடப்பு வருஷம் என்று ஒன்று கிடையாது. அவன் மேசையில் எந்நேரமும் திறந்து கிடப்பது அடுத்த வருஷம். யாராவது வயசு கேட்டால் ஆடியிலிருந்தே "முப்பது" என்பான். அவளுக்கோ பட்டாசு கம்பெனி. தீபாவளியோடு வருஷம் முடிந்தது. ஒரே பாயில் படுத்தாலும் ரெண்டு பேரும் ஒரே வருஷத்தில் இருந்ததில்லை.

(பிள்ளை இல்லையா என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். இருக்கிறது. பெயர் பிரீத்தி, நாலு வயசு. இந்தக் கதை முழுக்க அவள் தூங்குகிறாள். எழுப்பி விட்டுவிடாதீர்கள், அப்புறம் ஒருத்தரையும் பேச விடமாட்டாள்.)

3

பாண்டிலட்சுமிக்கு ஒரே ஒரு ஆசை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக வெடி பாக்கெட் போடுகிறாள். முப்பது ஆவதற்குள் அந்தப் பாக்கெட் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். எங்கே? ரொம்ப தூரம் இல்லை. அவளை ஏற்றிக்கொண்டு போகிற அதே கம்பெனி வேனின் டிரைவர் சீட்டுக்கு.

லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகிறது. அண்ணனின் லோடு வண்டியில் பழகினாள். சாத்தூர் ரோட்டில் லாரிக்காரன்களுக்கே வழிவிடாமல் ஓட்டுவாள் என்று கேள்வி. தீபாவளி முடிந்ததும் வேன் டிரைவர் பிரபாகரன் திருப்பூருக்குக் கிளம்பவே, முதலாளி ராஜபாண்டியன் இவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இருவத்தெட்டாந்தேதி காலைல ஆபீசுக்கு வந்து ஒரு முடிவச் சொல்லும்மா. சாவியக் கையில குடுத்துர்றேன்."

அன்று சாயங்காலமே முனியராஜிடம் கேட்டாள். "மாமா, இருவத்தெட்டாந்தேதி மொதலாளியப் பாக்கணும். எந்நேரம் போகட்டும்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு நல்ல நேரம், கெட்ட நேரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எந்தக் கிழமைக்கு எது ராகு காலம் என்று கேட்டால் முழிப்பாள். அவளுக்கு வேண்டியது நேரம் இல்லை. புருஷன் வாயால் 'போ' என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் கேட்டாள்.

அவனுக்கு அதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருந்தது. அச்சகத்தில் கூட வேலை பார்க்கிறவன்கள் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டான்கள். "ஏலே, ஒம் பொண்டாட்டி வேன் ஓட்டுனா நீ எங்கன ஒக்காருவ? பின்னாடி பொம்பளையாளுகளோடயா?" அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். இன்னொரு பக்கம், எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அவளுக்குப் போன் போடுகிறவனும் அவன்தான். அவள் எடுத்து "என்ன மாமா?" என்று கேட்கிற வரைக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. ரெண்டும் ஒரே ஆள்தான்.

போனில் இருந்த காலண்டர் தாளைப் பார்த்துச் சொன்னான். "ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம். பத்தரைக்கு மேல போ."

4

இருபத்தெட்டாம் தேதி தலைக்குக் குளித்துவிட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, பத்து நாற்பதுக்கு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஏம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ராகு காலம் பொறந்தப்புறமா வந்து நல்ல காரியம் கேப்பாகளா?"

"இல்லீங்கய்யா, ஒம்பது டு பத்தரைன்னு..."

"அது சனிக்கிழமைக்கும்மா. பத்து மணி வரைக்கும் ஒன்னியத்தான் எதிர்பாத்தேன். நீ வரல. இஷ்டமில்ல போலன்னு, அடுத்தாப்ல கேட்டிருந்த சரவணக்குமாருக்குச் சாவியக் குடுத்துட்டேன். அடுத்த தீபாவளிக்குப் பாப்போம்."

அவ்வளவுதான். மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். சாயங்காலம் முனியராஜ் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயையோ! அடுத்த வருஷத்துத் தாளப் பாத்துட்டேன் புள்ள! அதுல இருவத்தெட்டு சனிக்கிழமை!"

இதைக் கேட்டுத்தான் நான் டீக்கடையில் சிரித்தேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரன் இப்படி ஒரு தப்பு செய்வான்?

5

எழுதும்போதுதான் பிடித்தது சனி. (ராகு போய்ச் சனி. போகட்டும்.)

மேலே 'தலைக்குக் குளித்துவிட்டு' என்று எழுதினேன் இல்லையா? அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் தலைக்கு ஊற்றுவது செவ்வாயும் வெள்ளியும். முனியராஜ் வேலைக்குக் கிளம்பியது எட்டு மணிக்கு. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பொண்டாட்டி எதிரே நிற்கிறாள். பார்த்துவிட்டு, "பத்தரைக்கு மேல, மறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று அவனுக்கா தெரியாது? பத்து வருஷமாக ராகு காலம் அடித்துக் கொடுக்கிறவனய்யா! வெள்ளிக்கிழமை பத்தரை, பன்னிரண்டு என்று கோழிக்குஞ்சைக் கேட்டால் சொல்லும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதே முனியராஜ்தான் போன மாதம் லீவு லெட்டரில் அடுத்த வருஷத் தேதியைப் போட்டுக் கொடுத்து, "அப்பம் இந்த வருஷம் ஒழுங்கா வேலைக்கு வந்துரு லே" என்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அவன் கிறுக்கன் என்பதற்கு என்னிடம் சாட்சி நிறைய இருக்கிறது.

திரும்பப் போய் அவனிடம் கேட்டேன். "அவ சிரிச்சாளா தம்பி?"

"சிரிச்சா அண்ணாச்சி." கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஆனா அன்னைல இருந்து என்னைய 'நீங்க'ங்கா" என்றான்.

மாமன் மகன் என்று சின்னதிலிருந்தே அவனை 'நீ' என்று கூப்பிட்டவள், திடீரென்று மரியாதை கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

6

கோழைத்தனமான ஒரு காரியம் செய்தேன். கதையின் கடைசியில் ரெண்டு வரி எழுதி அனுப்பினேன்.

அ) முனியராஜ் தெரியாமல்தான் சொன்னான்.

ஆ) முனியராஜ் தெரிந்தேதான் சொன்னான்.

பக்கத்தில் பென்சிலில், 'தம்பி, எது சரியோ அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடு.'

நாலு நாள் கழித்து புரூஃப் வந்தது. என் ஒற்றுப்பிழைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் திருத்தியிருந்தான். அந்த ரெண்டு வரியும் அப்படியே இருந்தன. எதையும் வெட்டவில்லை.

7

நேற்று ஒரு போன். தெரியாத நம்பர்.

"அண்ணாச்சி, நான் பாண்டிலட்சுமி பேசுறேன். சாப்பிட்டீகளா?"

டிபன் டப்பா எடுக்க அவன் பையில் கைவிட்டபோது புரூஃபின் இன்னொரு பிரதி கிடைத்ததாம். முழுக்கப் படித்துவிட்டாளாம்.

"கதை நல்லாருக்கு அண்ணாச்சி. நரை மட்டும் ஒண்ணு இல்ல, மூணு. நான் இன்னும் அவுககிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டா சொல்லிருவாக. பொய் சொல்லத் தெரியாது. சொல்லிட்டாக்கா, அதையும் வச்சுக்கிட்டுல்ல நான் குடும்பம் நடத்தணும்?"

'ம்' கொட்டினேன்.

"சாத்தூர்ல இன்னொரு கம்பெனில கேட்டேன். திங்கக்கிழமை ஒரு நடை ஓட்டிக் காட்டச் சொல்லிருக்காக. ஆளுகள ஏத்திக்கிட்டு, சிவகாசி வழியா, அவுக அச்சாபீஸ் வாசலத் தாண்டித்தான் போகணும். முன்சீட்டுல எம் பக்கத்துல ஒக்காந்து வாங்கன்னு அவுககிட்ட கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல."

"ஏறிட்டான்னா?"

"ஏறிட்டாகன்னா, தெரியாமத்தான் சொன்னாகன்னு எழுதிக்கோங்க."

"ஏறலைன்னா?"

பின்னால் வேன் ஹாரன் அடித்தது.

"அப்பவும் அதையே எழுதுங்க அண்ணாச்சி. ஊருக்கு அது போதும். எனக்குத் தெரிஞ்சாச் சரி."

மலர் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவள் வண்டி எடுப்பது திங்கட்கிழமை. எனக்கு முடிவு தெரிய வழியே இல்லை. போனை வைக்கும் முன்னால் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தாயி, நீ இப்பப் பேசுனதையும் எழுதட்டுமா? இந்தப் பக்கத்த அடிக்கப்போறவனும் அவன்தானே?"

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "அதுக்குத்தான ஒங்களுக்குப் போன் போட்டேன்."

ஆகவே தம்பி முனியராஜ், 'ஆ' வரியை எடுத்துவிடு. கீழே இருப்பதை மட்டும் வெட்டாமல் போடு.

முனியராஜ் தெரியாமல்தான் சொன்னான்.