மாமனார் வந்தபோது

எழுபத்தாறாம் வருஷம் தை மாதம், அனுமந்தன்பட்டியில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தபோது பூமாரிக்குப் பனிக்குடம் உடைந்தது. ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அடக்க முடியாமல் ஒண்ணுக்குப் போய்விட்டோம் என்று நினைத்து, வெட்கப்பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் மாமியார் மலையம்மாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்துத் தேனிக்குக் கூட்டிப்போனாள்.

வலி இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பிள்ளைத் துடிப்பு நல்லா இருக்கு. ஆனா இப்பப் பொறந்தா மூச்சு விடத் தெரியாது. காய்ச்சல் வராம, வலி எடுக்காம உள்ளயே இருக்கற ஒவ்வொரு நாளும் நமக்கு லாபம். கட்டில விட்டு எறங்கவே கூடாது. ஒண்ணுக்குப் போறதும் படுத்தபடிதான்" என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். ஊசி போட்டார்கள். நர்ஸ் வந்து வந்து காய்ச்சல் பார்த்தாள், துணி நனைந்திருக்கிறதா என்று பார்த்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் காத்திருந்து தரித்த பிள்ளை. பூமாரி பயப்படவும் மறந்து விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். உள்ளே ஒரு உதை விழுந்தால் அன்றைய பொழுதுக்கு அவளுக்கு அது போதும்.

மாமனார் பலவேசம் தினமும் பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பொம்பளைகள் வார்டுக்குள் கால் வைக்கக் கூச்சம். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் கொடியில் காயும் துணியைத் தவிர மற்ற எல்லாம் எழுந்து நிற்கும்.

இரண்டாவது வாரம் மலையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று அவரை உள்ளே கூட்டிவந்தாள். "ஏத்தா, மாமா வந்திருக்காக."

கதவோரம் வேட்டி தெரிந்தது. பூமாரி எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் படுத்தேதான் இருந்திருப்பாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி நின்றாள்.

"படு ஆத்தா, படு" என்று பலவேசம் பதறுவதற்குள் மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. பிள்ளைக்கு முந்தித் தொப்புள்கொடி வெளியே இறங்கிவிட்டது. டாக்டரம்மா ஓடிவந்து தொட்டுப் பார்த்தபோது அதில் துடிப்பு இல்லை. ஆண் பிள்ளை.

வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது வாய் நிறையத் திட்டினால் அழுதுவிடலாம் என்று பூமாரிக்கு இருந்தது. துக்கம் கேட்க வந்த பெண்களிடம் மலையம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"என்னத்தச் சொல்ல. ஆனா எம் மருமக மாதிரி வருமா? அந்த நெலமையிலயும் மாமனாரக் கண்டதும் எந்திரிச்சு நின்னாளே."

பெருமையாகவே சொன்னாள், பாவி. வந்தவர்களும், வளர்ப்பு அப்படி என்று தலையை ஆட்டினார்கள்.

பூமாரி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகக் கனத்தது. அழுகை மட்டும் வரவில்லை. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும் பேச்சு அடங்கியது.

பலவேசம் உள்ளே வந்தபோது பூமாரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், வந்த வழியே திரும்பிப் போனார்.